நீலகிரிக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம்: எந்த வழி நமக்கு ஒத்துவரும்?

நீலகிரி மாவட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. ஊட்டியில் படித்தாலும் சரி, கூடலூரில் படித்தாலும் சரி, கலை அறிவியல் பட்டத்தில் கையெழுத்து விழுவது கோவை மருதமலை அடிவாரத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தில்தான். 1982-இல் தொடங்கிய அந்தப் பல்கலையின் எல்லைக்குள் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் வருகின்றன. நான்கில் மக்கள்தொகை குறைந்தது நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் 7.35 லட்சம் பேர். எந்தக் குழுவில் கை தூக்கி முடிவெடுத்தாலும் நம் பக்கம் கைகள் குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே, இருக்கிற அரசுக் கல்லூரிகளைச் சேர்த்து மலைக்கென்று ஒரு பல்கலை அமைக்க வேண்டும் என்பவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் 'சேர்த்து' என்று சொல்லிவிட்டால் போதாது. சேர்ப்பதில் பல வழிகள் உண்டு. ஒரு வழியில் ஊட்டிக்கு எல்லாம் கிடைத்து, கூடலூர் வெறும் கிளையாகிவிடும். இன்னொரு வழியில் பெயர்ப் பலகை மாறும், சம்பளத்துக்குப் பணம் இருக்காது. எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

கையில் என்ன இருக்கிறது?

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. ஆங்கிலேயர் காலக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் நிற்கும் அதே மேட்டில்தான் கல்லூரியும் இருக்கிறது. அங்குள்ள வனவிலங்கு உயிரியல் துறையைக் காடு சார்ந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்தது கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி. இது முதலில் பாரதியார் பல்கலையே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரியாக இருந்து, பிறகு அரசுக் கல்லூரியாக மாறியது. மூன்றாவது, 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட குன்னூர் அரசு கலை அறிவியல் கல்லூரி.

இவ்வளவுதான். மற்ற கல்லூரிகளையும் சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு. ஆனால் குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறுபான்மை நிறுவனம். அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அதற்குக் காப்பாக இருப்பதால் அவர்களாக விரும்பினால் ஒழியச் சேர்க்க முடியாது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலையின் கீழ் வருகிறது. ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி மைசூருவில் தலைமையிடம் உள்ள நிகர்நிலைப் பல்கலையைச் சேர்ந்தது. ஆக, சட்டப்படி அரசே கையெழுத்துப் போட்டு இணைக்கக்கூடியவை மூன்று. மூன்றை வைத்துப் பல்கலை நடத்த முடியுமா என்று கேட்டால், நடத்த முடியும், எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன்.

கல்லூரிகளுக்கு வெளியே நம்மிடம் உள்ள சொத்து பெரியது. ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-இலிருந்து இயங்குகிறது. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வானொலித் தொலைநோக்கி, பழங்குடியினர் ஆய்வு மையம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம், குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், 1893-இல் தொடங்கிய தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் என்று வரிசை நீளும். இவற்றில் பலவற்றுக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு, வருடம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ச் சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. பாடத்திட்டத்தை முடிவு செய்யும் இடம் மலையில் இல்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இருப்பது இருக்கட்டும் என்றால்

பாரதியாரின் கீழ் அப்படியே தொடர்வது முதல் வழி. இதற்குச் செலவு கிடையாது. பட்டத்துக்குத் தெரிந்த பெயர் இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் 'இது எந்த யூனிவர்சிட்டி?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

கஷ்டம் எங்கே என்பதற்கு, சேரம்பாடியில் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லைன் வீட்டிலிருந்து கூடலூர் கல்லூரிக்கு வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் பீரியடுக்கு வந்து சேர முடியும். முதுகலைக்கு அவள் விரும்பும் பாடம் கூடலூரில் இல்லையென்றால் நடுவட்டம், பைக்காரா வழியாக இன்னும் இரண்டு மணி நேரம் ஏறி ஊட்டிக்கு வர வேண்டும். தினமும் போய்வர முடியாது. அறை எடுத்துத் தங்க வேண்டும், ஊட்டி வாடகையோ டூரிஸ்ட் ஊர் வாடகை. சான்றிதழில் ஏதாவது பிழை, நேரில் வரச் சொல்கிறார்கள் என்றால் ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டி மருதமலை போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. அதனால்தான் பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சுல்தான் பத்தேரி கிட்டத்தில் தெரிகிறது. எல்லை தாண்டிப் போய்க் கோழிக்கோடு பல்கலையில் பட்டம் வாங்குவது அவர்களுக்குச் சுலபம்.

அடுத்தது காலண்டர். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நமக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் திரும்பிவிடும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும், ரோடுகள் அறுந்துபோனதையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செமஸ்டர் தேர்வு சரியாக நவம்பரில் வருகிறது. அடுத்த செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே. அது சீசன். மலர்க் கண்காட்சி, இ-பாஸ், மேட்டுப்பாளையம் வரை நிற்கும் வண்டிகள் எல்லாம் அப்போதுதான். டிராபிக்கில் மாட்டிக்கொண்டு ஹால் டிக்கெட்டும் கையுமாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன அவஸ்தை. நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்துக் கீழே போடும் கால அட்டவணையில் இதையெல்லாம் பார்க்க முடியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே நாளில் வினாத்தாள் அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்.

இந்த வழியிலேயே கொஞ்சம் மேம்பட்ட ஒன்று தன்னாட்சி. கோவை அரசு கலைக் கல்லூரி போலப் பட்டம் பாரதியார் பெயரில், பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில். புதுச் சட்டம் தேவையில்லை. ஆனால் தன்னாட்சி கல்லூரி கல்லூரியாகத்தான் கிடைக்கும். பழைய, பெரிய கல்லூரிக்கு முதலில் கிடைக்கும். புதிய கல்லூரிகள் தரமதிப்பீடு வாங்கி வரிசையில் நிற்பதற்குள் ஊட்டிக்கும் கூடலூருக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் அதிகமாகிவிடும்.

மூன்று கல்லூரியையும் பாரதியாரின் உறுப்புக் கல்லூரிகளாக்கலாம் என்று ஒரு யோசனையும் உண்டு. இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. கூடலூர் அப்படித்தான் இருந்தது. தமிழகம் முழுக்கவே உறுப்புக் கல்லூரிகளின் சம்பளச் சுமையைப் பல்கலைகளால் தாங்க முடியாமல்தான் அரசு அவற்றைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வழியில் திரும்பிப் போவதில் பயனில்லை.

புதிதாக நிலம் பார்த்து வளாகம் கட்டலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் கட்டடம் கட்ட ஹாக்கா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி, 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு, யானை வழித்தடம், கூடலூரில் ஜமீன் போன்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் நிலச் சிக்கல் என்று எல்லாம் இருக்கின்றன. வாங்கி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை படித்து முடித்துவிடும். இருக்கும் கட்டடங்களை வைத்துத் தொடங்கலாம் என்பதே இணைப்பு யோசனையின் பெரிய பலம்.

முழு இணைப்பு

மூன்று கல்லூரிகளும் தனித்தனி நிறுவனமாக இருப்பதை விட்டுவிட்டு, ஒரே பல்கலையின் மூன்று வளாகங்களாவது முழு இணைப்பு. ஒரு துணைவேந்தர், ஒரு சிண்டிகேட் (ஆட்சிக் குழு), ஒரே துறை. கணிதத் துறை என்றால் மூன்று ஊருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நம் கல்லூரிகளின் தீராத நோய் ஆசிரியர் இடமாறுதல். ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. மூலம் தேர்வாகி வரும் பேராசிரியர் மலைக்கு வருகிறார், குளிர் ஒத்துக்கொள்வதில்லை, குடும்பம் கோவையிலோ திருச்சியிலோ இருக்கிறது, அடுத்த கலந்தாய்வில் இறங்கிவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் ஆராய்ச்சி மாணவர் பாதியில் நிற்கிறார், ஆய்வகத்தில் வாங்கிப் போட்ட கருவியைத் தொட ஆளில்லை. இடைவெளியைக் குறைந்த மதிப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள் நிரப்புகிறார்கள். பல்கலைப் பணியிடமாக இருந்தால் சேருபவர் இந்த மலைக்கென்றே சேருவார். பத்து வருடம், இருபது வருடம் ஒரே காட்டை, ஒரே மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் கிடைப்பார். மலையைப் பற்றிய அறிவு அப்படித்தான் சேரும்.

சரி, பிறகு ஏன் தயங்குகிறேன்? காரணம் பணம். அரசுக் கல்லூரி ஆசிரியருக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து மாதம் தவறாமல் வருகிறது. பல்கலை ஆனதும் அது மொத்த மானியமாக மாறும், மீதியைப் பல்கலையே தேடிக்கொள்ள வேண்டும். மாநிலப் பல்கலைகளுக்கு முக்கிய வருமானம் இணைப்புக் கல்லூரிகளிடம் வாங்கும் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். நூறு கல்லூரி வைத்திருக்கும் பல்கலைக்கு அது பெரிய தொகை. மூன்று வளாகம் மட்டும் உள்ள மலைப் பல்கலைக்கு அந்த வாசலே கிடையாது. எத்தனையோ இணைப்புக் கல்லூரிகள் கொண்ட மதுரை காமராசர் பல்கலையே சம்பளமும் ஓய்வூதியமும் தர முடியாமல் திணறியதைச் சமீபத்தில் பார்த்தோம். சென்னைப் பல்கலையின் வங்கிக் கணக்குகள் 2024-இல் வரி பாக்கிக்காக முடக்கப்பட்டன. பணம் இல்லாத பல்கலை முதலில் கை வைப்பது மாணவர் கட்டணத்தில்தான். அரசு கலைக் கல்லூரி என்பதால்தான் டேன்டீ தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் பனியர் பழங்குடி வீட்டுப் பிள்ளையும் படிக்க வருகிறார்கள். கட்டணம் ஏறினால் அவர்கள்தான் முதலில் நிற்பார்கள்.

மத்திய அரசு உயர்கல்விக்காக 2013-இல் தொடங்கிய ரூசா திட்டத்தில், கல்லூரிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பல்கலை அமைக்க 55 கோடி ரூபாய் என்று ஒரு பிரிவு இருந்தது. ஜம்மு, ஸ்ரீநகர் 'கிளஸ்டர்' பல்கலைகள் அந்த யோசனையில் பிறந்தவை. இமயமலை மாநிலங்களுக்குச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும், மற்ற மாநிலங்களுக்கு 60. நம்முடையதும் மலைதான், ஆனால் கணக்கில் சமவெளி மாநிலத்தின் ஒரு மாவட்டம். அதோடு அந்தப் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும் உதவுமே தவிர, வருடா வருடம் சம்பளம் கொடுக்காது.

இரண்டாவது பயம் சின்ன வளாகத்தைப் பற்றியது. மும்பையில் எல்ஃபின்ஸ்டன், சிடன்ஹாம், அறிவியல் நிறுவனம் போன்ற பழைய அரசுக் கல்லூரிகளைச் சேர்த்து 2019-இல் ஹோமி பாபா மாநிலப் பல்கலை வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். காலையில் ஒரு கல்லூரியில் வகுப்பு, மதியம் இன்னொன்றில் என்று மாணவர் போய்வர முடியும். ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் நார்வேயில் கிடைக்கிறது. 2016-இல் போடோ நகரப் பல்கலையோடு இரண்டு வட்டாரக் கல்லூரிகளைச் சேர்த்து நூர்ட் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். சேர்ந்தவற்றில் ஒன்று நெஸ்னா என்ற சின்னக் கடலோர ஊரில் 1918 முதல் ஆசிரியர் பயிற்சி நடத்திவந்த கல்லூரி. மூன்றரை வருடம் போயிற்று. 2019 ஜூனில் பல்கலையின் ஆட்சிக் குழு செலவையும் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்து நெஸ்னா வளாகத்தை மூட முடிவெடுத்தது. நூறு வருடம் தனியாக நின்ற கல்லூரியை மூட, சேர்த்த பிறகு ஒரே ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது. ஊரே திரண்டு போராடி, ஆட்சி மாறி, 2021-இல் வந்த அரசு அங்கே மறுபடி ஆசிரியர் கல்வி கொடுப்பதாகச் சொல்ல வேண்டி வந்தது. நெஸ்னா இருக்கும் இடத்தில் கூடலூரை வைத்துப் பாருங்கள். ஊட்டியில் உட்கார்ந்திருக்கும் சிண்டிகேட், அட்மிஷன் குறைந்த ஒரு வருடத்தில் 'கூடலூரில் இயற்பியலை நிறுத்தி ஊட்டிக்கு மாற்றலாம்' என்று தீர்மானம் போட எவ்வளவு நேரம் ஆகும்?

கூட்டுப் பல்கலை

ஒவ்வொரு கல்லூரியும் தன் முதல்வர், தன் அட்மிஷன், தன் பெயரோடு இருக்கும். மேலே ஒரு பல்கலை பாடத்திட்டம், தேர்வு, பட்டம், ஆராய்ச்சி ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியும் தீவுகளும் சேர்ந்த பல்கலை இதற்கு நல்ல பாடம். இன்வெர்னஸில் தலைமையிடம். ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகள் வரை கல்லூரிகள் பரவிக் கிடக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் எழுந்த யோசனை, 2011-இல்தான் முழுப் பல்கலை ஆனது. 2008 வரை வேறு பல்கலைகளின் பட்டத்தையே கொடுத்தார்கள், முனைவர் பட்டம் முழுப் பல்கலை ஆன பிறகும் சில வருடம் அபர்டீன் பல்கலையின் பெயரில் போனது. பெயரில்லாத புதுப் பட்டத்தைப் பிள்ளைகள் தலையில் ஒரே நாளில் கட்டவில்லை. ஸ்கை தீவில் உள்ள ஒரு கல்லூரி முழுக்க அந்த ஊரின் பழைய மொழியான கேலிக்கிலேயே பாடம் நடத்துகிறது, அதுவும் இதன் அங்கம். வகுப்புகள் பல வீடியோ வழியில் நடக்கின்றன. ஓர் ஊரில் ஒரு பாடத்துக்கு நாலு பேர் மட்டும் சேர்ந்தாலும் இன்னும் மூன்று ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்து ஒரு வகுப்பாகிவிடும்.

கூடலூரில் நாலு பேருக்காக ஒரு முதுகலைப் பாடம் தொடங்க அரசு ஒத்துக்கொள்ளாது. ஊட்டியில் ஆறு, குன்னூரில் ஐந்து, கூடலூரில் நாலு என்று சேர்த்தால் பதினைந்து பேர் கொண்ட வகுப்பு. தியரி திரையில், பிராக்டிகலுக்கு மாதம் ஒரு வாரம் ஓர் ஊரில் தங்குவது. சேரம்பாடிப் பெண்ணுக்கு ஊட்டியில் ரூம் எடுக்கும் செலவு பெரும்பாலும் மிச்சம்.

குறைகளும் உண்டு. முடிவெடுக்க நேரமாகும், மூன்று முதல்வர்களும் ஒரு துணைவேந்தரும் ஒத்துப்போக வேண்டும். ஸ்காட்லாந்திலேயே 2023-இல் மூன்று உறுப்புக் கல்லூரிகள் தனித்தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் அவை தாங்களாகவே முடிவெடுத்துச் சேர்ந்தன. நெஸ்னாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆசிரியர் இடமாறுதல் நோய்க்கு இதில் மருந்து உண்டா என்று கேட்பார்கள். தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். இப்போது இருக்கும் ஆசிரியர்கள் அரசுப் பணியிலேயே தொடரட்டும், சம்பளம் கருவூலத்திலிருந்தே வரட்டும். இனிமேல் நிரப்பும் இடங்களை மலைக்கென்று தனி அணியாக, மூன்று கல்லூரிகளுக்குள் மட்டும் மாறக்கூடியதாக, அதே கருவூலச் சம்பளத்தில் அறிவிக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. 2013-இல் அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலையின் உபரி ஆசிரியர்களைப் பிறகு அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்களே. பல்கலைக்கும் கல்லூரிக் கல்வித் துறைக்கும் நடுவில் ஆள் மாற்ற அரசுக்கு வழி தெரியும்.

பாடத்திட்டம் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையான ஆசை வருகிறது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1961-இல் நம் நீலகிரியில். இன்றுவரை விதைக்கிழங்கை வெளியே அனுப்புவதற்கு அது தடையாக இருக்கிறது. நம் விலங்கியல் மாணவர் அந்தப் புழுவைத் தன் அப்பாவின் தோட்ட மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், முத்தோரை நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கூடலூர் உயிர்வேதியியல் மாணவருக்கு அங்குள்ள பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகை ஒரு பாடமாக வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் என்று தமிழகத்தின் தொன்மைப் பழங்குடிகள் ஆறும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் ஆராய 1930-களில் மொழியியலாளர் எமனோ கடல் கடந்து வந்து மூன்று வருடம் இந்தியாவில் தங்கினார். அந்த மொழிகளை ஒரு தோடப் பெண்ணோ கோத்தப் பையனோ ஊட்டியிலேயே உட்கார்ந்து ஆராய்ந்து பட்டம் வாங்க ஓர் இடம் வேண்டாமா? படுக மொழிக்கும்தான்.

நம் மாநிலத்து அனுபவம்

மலையில் பல்கலை என்பது தமிழகத்துக்குப் புதிதில்லை. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலை 1984-இலிருந்து இருக்கிறது. தலைமையிடம் மலையில் இருந்தும் மதுரை, கோவை, சென்னையில் மையங்கள் வைக்க வேண்டி வந்தது. மேலே மாணவர் வருவது சிரமம் என்பதால் கீழே இறங்கினார்கள். அது கல்லூரிகளை இணைத்துப் பிறந்த பல்கலை இல்லை, தனியாகக் கொண்டுபோய் வைத்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கும் கல்லூரிகளின் மேல் கட்டினால் அந்தச் சிரமம் நமக்குக் குறைவு.

விழுப்புரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் திருவள்ளுவர் பல்கலையைப் பிரித்து அங்கே ஒரு புதுப் பல்கலைக்குச் சட்டம் வந்தது. துணைவேந்தர் வந்தார், பழைய தாலுகா அலுவலகக் கட்டடத்தில் வேலை தொடங்கியது. அதே வருடம் ஆட்சி மாறியது. ஆகஸ்டு கடைசியில் அதை அண்ணாமலைப் பல்கலையோடு சேர்க்க மசோதா நிறைவேறியது. தேர்தலுக்கு முன் அவசரமாக வரும் பல்கலைக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆகவே தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாக இது வருவதில் எனக்குச் சந்தோஷமில்லை.

துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடக்கும் இழுபறியும் சேர்ந்துகொள்கிறது. பாரதியார் பல்கலையிலேயே 2022-இல் காலியான துணைவேந்தர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் நிரம்பவில்லை. கும்பகோணத்துக்கான கலைஞர் பல்கலைக்கழக மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. முழு இணைப்பில் துணைவேந்தர் இல்லையென்றால் மூன்று ஊரிலும் எல்லாக் கோப்பும் நிற்கும். கூட்டுப் பல்கலையில் கல்லூரி முதல்வர்கள் அன்றாட வேலையை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காலத்தில் இதுவே தனிப் பலம்.

எதைக் கேட்பது

சட்டத்தில் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் சட்டத்தின் உடலிலேயே பெயரோடு இருக்க வேண்டும், சட்டமன்றத் திருத்தம் இல்லாமல் எந்த வளாகத்தையும் மூடவோ பாடத்தை மாற்றவோ கூடாது. இளங்கலைக்கும் முதுகலைக்கும் அரசுக் கல்லூரிக் கட்டணமே தொடர வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை இணைப்பைச் சாக்காக வைத்து வெளியேற்றக் கூடாது. பல்கலையின் அலுவலகங்களையும் ஊட்டியில் குவிக்க வேண்டாம். துணைவேந்தர் ஊட்டியில் இருக்கட்டும், தேர்வுப் பிரிவு குன்னூருக்குப் போகட்டும், பழங்குடி, காடு சார்ந்த ஆய்வுகளின் தலைமை கூடலூருக்கு வரட்டும். கோத்தகிரிக்கும் குந்தாவுக்கும் அரசுக் கல்லூரி இல்லையே என்றால், தேர்வு மையமும் நூலகமும் வீடியோ வகுப்பறையுமாவது அங்கே வேண்டும்.

இது கிடைக்காமல் முழு இணைப்பு மட்டும்தான் தருவேன் என்று அரசு சொன்னால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். அப்போது மூன்று கல்லூரிக்கும் சேர்த்துப் பாரதியார் பல்கலையின் மண்டல அலுவலகம் ஒன்றை ஊட்டியில் கேட்டு, நீலகிரிக்கென்று தனித் தேர்வுக் காலண்டரும் தனிப் பாடத்திட்டக் குழுவும் வாங்கிக்கொண்டு காத்திருப்பது மேல். பல்கலை நல்குவதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும், இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

பிரியும் நாளைப் பற்றியும் இப்போதே பேசிவிட வேண்டும். புதுப் பல்கலை வரும்போது இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் பாரதியார் பட்டத்தோடுதான் வெளியே போக வேண்டும். அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்திலேயே தேர்வு எழுதக் குறைந்தது ஐந்து வருடம் அவகாசம் வேண்டும், அந்தத் தேர்வுக்கு மையம் மலையிலேயே இருக்க வேண்டும். முதல் பத்து வருடம் முனைவர் பட்டத்தைப் பாரதியாரின் பெயரிலேயே கொடுக்க ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், அபர்டீன் பெயரில் அங்கே செய்தது போல. 1982 முதல் இன்றுவரை பாரதியார் பெயரில் பட்டம் வாங்கிய நீலகிரிக்காரர்களின் மதிப்பெண் பதிவேடுகளின் நகலைப் புதுப் பல்கலைக்கும் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உண்மைத்தன்மைச் சான்றுக்காக அவர்கள் அப்போதும் மருதமலைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கும்.